சதுர அடி ரேட்டா, கூலிக் கான்ட்ராக்டா, அளவு பில்லா? குமரியில் வீடு கட்டுவோருக்கு ஒரு ஒப்பீட்டு அலசல்

குமரி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர் "எஞ்சினியர்கிட்ட கொடுத்தாச்சு" என்று சொன்னால், பெரும்பாலும் மூன்று வேலைகளை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். பிளான் போட்டு அனுமதி வாங்குவது ஒன்று, கட்டிக் கொடுப்பது இன்னொன்று, கட்டியது சரிதானா என்று பார்ப்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஒருவரிடம் இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. பின்னிரண்டும் ஒருவரிடம் சேரும்போதுதான் சிக்கல். கான்கிரீட் வார்ப்புக்கு முந்தைய நாள் கம்பியை எண்ணிப் பார்க்க வேண்டியவரும், கம்பி குறைந்தால் லாபம் பார்க்கிறவரும் ஒரே ஆளாகிவிடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மொத்த வீடும் அந்த ஒரு நல்ல குணத்தை மட்டும் நம்பி நிற்கும்.

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்பே "யார் வேலையை யார் அளக்கிறார்?" என்று கேட்க வேண்டும். கட்டிடக்கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவும் உண்டு. சிவில் எஞ்சினியர்களுக்கு அதற்கு இணையான தேசியச் சட்டம் இல்லை. ஆகவே எஞ்சினியருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் யாருக்கு என்ன கடமை என்பதைப் பெரும்பாலும் அவர்கள் கையெழுத்துப் போடும் காகிதம்தான் தீர்மானிக்கிறது.

எதில் யாருக்கு லாபம்

சதுர அடி ரேட்டில் பொருளும் கூலியும் கான்ட்ராக்டர் பொறுப்பு. பொருள் குறையக் குறைய அவருக்கு லாபம். கூலிக் கான்ட்ராக்டில் பொருள் வீட்டுக்காரருடையது. சிமெண்ட் எவ்வளவு போனாலும் மேஸ்திரிக்கு நஷ்டமில்லை, வேலை சீக்கிரம் முடிந்தால்தான் அவருக்கு லாபம். அளவு பில் முறையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது முதல் பூச்சு வரை ஒவ்வொரு வேலைக்கும் தனி ரேட் பேசி, முடிந்ததை அளந்து பணம் கொடுக்கிறோம். இங்கே அளவு கூடக்கூடக் கான்ட்ராக்டருக்கு லாபம்.

மூன்றிலும் ஓட்டை உண்டு, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. முதலாவதில் கம்பியையும் கலவையையும் பார்க்க வேண்டும். இரண்டாவதில் சேதாரத்தையும் அவசரத்தையும் பார்க்க வேண்டும். மூன்றாவதில் டேப்பைப் பிடிக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கேற்ற மேற்பார்வையையும் சேர்த்தே விலை பேசாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

தரைக்குக் கீழே சதுர அடி செல்லாது

சதுர அடி ரேட் கூரையின் பரப்பை வைத்துப் பேசப்படுவது. குமரியிலோ செலவை ஏற்றி இறக்குவது தரைக்கு அடியில் இருக்கும் மண். கல்குளம், விளவங்கோடு பக்கம் மேட்டு நிலத்தில் செம்மண்ணும் வெட்டுக்கல் பாறையும் சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் மனை சரிவாக இருக்கும், தாங்கு சுவர் வேண்டும். நாஞ்சில் நாட்டில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் வயலை நிரப்பிய மனை என்றால் நிரப்பு மண்ணுக்கு அடியில் களிமண் இருக்கும். நிரப்பிய மண்ணின் மேல் அஸ்திவாரம் நிற்கக் கூடாது, அதைத் தாண்டி இறங்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அஸ்திவாரத்தின் மொத்த நீளம் 60 மீட்டர், அகலம் 0.75 மீட்டர். கொட்டேஷனில் எழுதியதைவிட 0.6 மீட்டர், அதாவது இரண்டடி, ஆழமாக இறங்க நேர்ந்தால் 27 கன மீட்டர் கருங்கல் கட்டு கூடுகிறது. நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் ஏறத்தாழ ஒன்பதரை. சதுர அடி ஒப்பந்தத்தில் இதற்கு விலையே இருக்காது. கான்ட்ராக்டர் தன் கையிலிருந்து போட மாட்டார். ஒன்று, வானம் தோண்டிப் போட்டிருக்கும் நேரத்தில், வேறு வழியில்லாத நிலையில், புது ரேட் கேட்பார். இல்லையென்றால் "இது போதும்" என்று ஆழத்தைக் குறைத்துவிடுவார். பின்னது இன்னும் மோசம். விரிசல் உடனே தெரியாது, ஒன்றிரண்டு மழைக்காலம் போய்த்தான் சுவரில் சாய்வாகக் கோடு விழும்.

எங்கள் கருத்து: சதுர அடி ரேட்டுக்கே போவதானாலும் பேஸ்மெண்ட் மட்டத்துக்குக் கீழே உள்ளதை அளவு பில்லாக வைத்துக்கொள்ளுங்கள். பிளின்த் பீமுக்கு (பேஸ்மெண்ட் மட்டத்தில் சுற்றி வரும் கான்கிரீட் பீம்) மேலே சதுர அடி. அதே காகிதத்தில் எதெல்லாம் சதுர அடிக் கணக்கில் வரும், எதெல்லாம் வராது என்று எழுதுங்கள். போர்டிகோ, சிட்-அவுட், படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் ஆகியவற்றில்தான் சண்டை வருகிறது. படுக்கையறையில் வருவதில்லை.

கடலோரத்தில் எம்20 போதாது

கொட்டேஷன்களில் "எம்20, 1:1½:3" என்ற வரி அச்சு மாறாமல் வரும். எம்20 என்பது கான்கிரீட்டின் பலத் தரம், 1:1½:3 என்பது சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம். குலசேகரத்தில் உள்ளே அடங்கிய ஒரு வீட்டுக்கு அது பொருந்தலாம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கரையோரத்துக்குப் பொருந்தாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, கடலோரக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட் 'கடுமை' வகை: குறைந்தது எம்30, கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம். உப்புக் காற்று நேரடியாகப் படாத உட்பகுதிகள் 'மிதம்': எம்25, 30 மில்லிமீட்டர். அதோடு, சட்டிக் கணக்கில் கலப்பதை அந்த விதி எம்20 வரைதான் ஒப்புக்கொள்கிறது. அதற்கு மேல் என்றால் டிசைன் மிக்ஸ், அதாவது ஆய்வகத்தில் கலவை நிர்ணயித்து எடை போட்டுக் கலப்பது அல்லது ரெடிமிக்ஸ்.

கவரை மட்டும் கூட்டினால் போதாது. 125 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்லாபில் 10 மில்லிமீட்டர் கம்பிக்கு 20 கவர் விட்டால் பயன்படும் ஆழம் (ஸ்லாபின் மேல்பரப்பிலிருந்து கம்பியின் நடு வரை) 100. 45 விட்டால் 75. கால்பங்கு போய்விட்டது. ஆகவே கனத்தையும் கூட்டி, கம்பிக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். கடலோரத்தில் முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் சன்ஷேடும் பால்கனியும்தான். இவற்றில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வார்ப்பு அன்று ஆட்கள் அதன்மேல் மிதித்து நடக்க, கம்பி கீழே அமுங்கிவிடும். சென்ட்ரிங் தட்டு பிரித்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மேல் கம்பியைத் தாங்கும் நாற்காலிக் கம்பி வைத்திருக்கிறதா என்று கான்கிரீட் இறங்குவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

எஞ்சினியரின் கடமை வீட்டுக்காரரின் விருப்பத்தோடு மோதும் இடமும் இதுதான். "பக்கத்து வீட்டில் எம்20 தானே போட்டார்கள்" என்று சொல்கிற வீட்டுக்காரர் கெட்டவரல்ல, அவருக்குச் செலவு தெரிகிறது, துரு தெரியவில்லை. டைல்ஸ், பெயிண்ட், கதவு மரம் ஆகியவற்றில் அவர் சொல்வதே இறுதி. கம்பி, கவர், கலவை, அஸ்திவார ஆழம் ஆகியவற்றில் எஞ்சினியர் இறங்கி வரக் கூடாது. வற்புறுத்தினால் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு விலகுவதே முறை. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மட்டுமல்லவே.

கூலிக் கான்ட்ராக்ட்: கணக்குப் புத்தகம் இருந்தால் மட்டும்

வீட்டுக்காரரோ வீட்டில் ஒருவரோ தினமும் சைட்டில் நிற்க முடிந்தால் இது நல்ல வழி, தரத்தின் பிடி கையில் இருக்கும். வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு மாமனாரிடம் பணம் அனுப்பிக் கட்டுகிறவருக்கு இது ஒத்துவராது.

லோடு இறங்கும்போது லாரியின் உள் நீளம், அகலம், மணல் நிரவிய பின் உயரம் ஆகியவற்றை அளக்க வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட். ஈரமான மணல் உப்பிக்கொள்ளும், மழைக்காலத்தில் அதே யூனிட்டுக்குள் மணல் குறைவாகவே இருக்கும். சட்டிக் கணக்கில் கலக்கும்போதும் இதற்காகக் கூட்டிப் போட வேண்டும். கடற்கரை மணல் எந்த விலைக்கும் வேண்டாம், அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னும். கம்பியை எடைச்சீட்டோடு வாங்குங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளத் துண்டு சுமார் 10.66 கிலோ. இந்த அளவுக் கம்பியில் லாட் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்பலாம்.

சிமெண்டுக்கு எளிய சோதனை உண்டு. 1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை. 14 கன மீட்டர் வார்ப்பு என்றால் 112 மூட்டை காலியாகியிருக்க வேண்டும். 90 மூட்டைதான் போயிருக்கிறது என்றால் சிக்கனம் என்று மகிழ வேண்டாம், கலவை மெலிந்திருக்கிறது. 130 போயிருந்தால் மூட்டைகள் எங்கே போயின என்று கேளுங்கள். இதே அளவு வார்ப்புக்கு ஐ.எஸ். 456 இரண்டு மாதிரிகள் எடுக்கச் சொல்கிறது. மாதிரிக்கு மூன்று என்று 28 நாள் சோதனைக்கு 6 கியூப், அதாவது நசுக்கிப் பலம் பார்க்கும் கான்கிரீட் கட்டிகள். 7 நாளில் ஒரு கண்ணோட்டம் வேண்டுமென்றால் கூடுதலாக வார்த்துக்கொள்ள வேண்டும்.

அவசரம் வெளிப்படுவது தட்டு பிரிப்பதில். சென்ட்ரிங் பொருளுக்கு நாள் வாடகை ஓடுவதால் மேஸ்திரிக்குக் கை துறுதுறுக்கும். 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள ஸ்லாபுக்கு முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள் நிற்க வேண்டும். இது ஓ.பி.சி. என்ற சாதாரண சிமெண்டுக்கான கணக்கு, இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் கூடுதல். வாடகை நாள்களை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்த வாக்குவாதம் வராது.

அளவு பில்: டேப்பின் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்

எங்கள் ஓட்டு இதற்கே, அளக்க ஒரு தனி எஞ்சினியர் இருந்தால். அவர் இல்லாவிட்டால் மூன்றிலும் இதுதான் ஆபத்து. அளவு முறை, கட்டிட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். உதாரணத்துக்குப் பூச்சு: அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவு, அதாவது அளவில் குறைப்பு, இல்லை. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு, ஓரப்பூச்சுக்குத் தனிப் பணம் இல்லை. 3-க்கு மேல் இரு பக்கமும் கழித்து ஓரங்களைச் சேர்க்க வேண்டும். 1.2-க்கு 1.2 மீட்டர் ஜன்னல் நடு வகையில் வரும். இது தெரியாத வீட்டுக்காரர் "ஜன்னலுக்கும் பணமா?" என்று கொதிப்பார். தெரியாத கான்ட்ராக்டர் ஓரத்துக்கு இரண்டாம் தடவை பில் போடுவார். மூடப்போகும் வேலையை, அதாவது வானம், கம்பி, மண்ணுக்குள் போகும் குழாய் ஆகியவற்றை, மூடுவதற்கு முன் இருவரும் அளந்து கையெழுத்திட வேண்டும்.

மேற்பார்வைக்கு என்ன கொடுப்பது

செலவில் இத்தனை சதவீதம் என்று பேசினால் செலவு ஏறும்போது கட்டணமும் ஏறும். கட்டம் கட்டமாக, வர வேண்டிய நாள்களைக் குறித்து, நிலையான தொகை பேசுவது மேல். அஸ்திவார மட்டம், பிளின்த் பீம் கம்பி, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), கூரைக் கம்பி, வார்ப்பு நாள், பூச்சுக்கு முன் மின்குழாய் என்று எந்த நாள்களில் அவர் நேரில் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். கம்பிக் கடை, டைல்ஸ் கடை கமிஷனைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசிவிடுங்கள். வீட்டுக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர் கடையிலும் வாங்கினால் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்குவது தொழில் ஒழுக்கத்துக்கு நேர் விரோதம்.

வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. சைட்டில் பெரியப்பா ஒன்று சொல்ல, மச்சான் வேறொன்று சொல்ல, போனில் வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்னால் கொத்தனார் யார் சொல்வதைச் செய்வார்? முடிவு சொல்கிறவர் ஒருவர், அதைக் கேட்கிறவர் எஞ்சினியர் ஒருவர். கொத்தனாருக்கு நேராக உத்தரவு போகக் கூடாது. வாஸ்து பார்ப்பதென்றால் வானம் தோண்டும் முன்பே பார்த்துவிடுங்கள். லிண்டலுக்குப் பிறகு படிக்கட்டை மாற்றினால் பீம் கணக்கே மாறும். மாற்றம் எதுவானாலும் வேலைக்கு முன் ரேட்டும் கூடுதல் நாள்களும் எழுத்தில் வரட்டும், வாட்ஸ்அப்பில் ஒரு வரியானாலும் சரி. மொட்டை மாடியில் பின்னால் போடும் ஷீட் கூரை பொதுவாக யார் ஒப்பந்தத்திலும் இராது, வெல்டரோடு முடிந்துவிடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வீசிய மாவட்டத்தில் அதற்கும் நங்கூர போல்ட் கணக்கு வேண்டும்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. தனி வீடு ஒன்றுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்துக் கொடுத்தால், கான்ட்ராக்டர் பதிவு பெற்றவர் எனில், 18 சதவீதம். கொட்டேஷனில் அது உள்ளடக்கமா, தனியா என்று கேட்காமல் இரண்டு ரேட்டுகளை ஒப்பிட வேண்டாம்.

பாதியில் பிரிய நேர்ந்தால்

சதுர அடி ஒப்பந்தம் பாதியில் முறிந்தால், லிண்டல் வரை நிற்கும் வீட்டின் விலை என்ன என்று யாராலும் உடனே சொல்ல முடியாது. முதல் இரு கட்டங்களிலேயே பெருந்தொகை கேட்கும் பண அட்டவணை இருந்தால் நஷ்டம் முழுக்க வீட்டுக்காரருக்கு. வங்கியும் முடிந்த கட்டத்துக்குத்தான் அடுத்த தவணையை விடும். அளவு பில்லில் அளந்து, கழித்து, கணக்கு முடித்துவிடலாம். கூலிக் கான்ட்ராக்டில் இன்னும் எளிது, பொருள் ஏற்கெனவே உங்களுடையது. எந்த முறையானாலும் பணம் வேலைக்குப் பின்னாலேயே வரட்டும். 5 சதவீதத்தை 12 மாதம் நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் இடம் வையுங்கள். அதற்குள் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழையும் கூரைமேல் பெய்துவிடும்.

தகராறு முற்றினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் 'சேவை' என்ற சொல்லுக்குள் வருகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம், பொதுவாக இரண்டு ஆண்டுக்குள். அங்கே கேட்கப்படுவது ஒப்பந்தம், ரசீது, கையெழுத்திட்ட அளவுப் புத்தகம், கியூப் சோதனை அறிக்கை. இவற்றின் நகல்களை எஞ்சினியர் ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், கேட்ட பிறகு அல்ல.