யானெச்செக்கின் வண்டியும் சேலத்துப் பட்டறை ஒன்றும்

அப்பாவின் 1969ஆம் ஆண்டு ஜாவா 250 மோட்டார் சைக்கிளைச் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு சிறிய பட்டறையில் ஒப்படைத்தேன். கார்த்திகை மாதத்தில்தான் அது என் கைக்குத் திரும்பி வந்தது. வந்த கையோடு எழுதிவிடாமல், ஏற்காட்டு மலைப்பாதையில் மூன்று முறை ஏறி இறங்கி, ஓர் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரே நேரத்தில் ஒரு பழைய வண்டிக்கு மேல் எடுத்துச் செய்ய முடியாது என்பதால், தம் பெயரையும் தெருவையும் போட வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அப்பகுதியில் இருசக்கர வண்டி உதிரிப்பாகம் விற்கும் எந்தக் கடையில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்த்தார். கூலிப் பட்டுவாடாவுக்கான பணத்தை எடுக்க வெள்ளிக்கிழமைதோறும் சேலத்துக்கு இறங்கி, இருட்டுவதற்குள் மலையேறிவிட வேண்டும். அதற்காக 1978இல் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி இது. அவர் காலமான பிறகு பதினோரு ஆண்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இதற்கு முன் வேறோர் இடத்தில் கொடுத்துப் பார்த்தேன். அங்கே எஞ்சினைத் திறந்தவர்கள், இவ்வண்டியின் தனிச்சிறப்பான தானியங்கி கிளட்ச் வேலை செய்யாதபடி உள்ளிருந்த ஒரு பாகத்தையே எடுத்துவிட்டு, “இனி இது தேவைப்படாது” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பாகம் எங்கே என்று கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் முதல் நாள் நடந்ததைச் சொன்னால் இவரது வேலையின் தன்மை விளங்கும். பெரியவருக்கு எழுபது வயதை நெருங்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடப்பக்கம் இருக்கும் அந்த ஒற்றை நெம்புகோலை உள்நோக்கி அழுத்தி மேலே திருப்பினார். ஜாவாவில் கியர் மாற்றும் நெம்புகோலும் உதைத்துக் கிளப்பும் நெம்புகோலும் ஒன்றே. உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர். எஞ்சின் கிளம்பியதும் முன்னுக்குத் தள்ளிவிட்டால் கியர். கியர் போடக் காலை அழுத்தும்போதே கிளட்சும் தானாக விடுபடும் வகையில் உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. அதைத்தான் முந்தைய இடத்தில் எடுத்துவிட்டிருந்தார்கள். நெம்புகோலின் அசைவிலிருந்தே அதைக் கண்டுகொண்ட பெரியவர், “உள்ள ஒரு சாமான எடுத்திருக்காங்க பாப்பா. அத வைக்காம இந்த வண்டிய ஜாவான்னு சொல்லக் கூடாதுங்க” என்றார். அந்தச் சொல்லுக்காகவே வண்டியை அங்கே விட்டுவிட்டு வந்தேன்.

ஜாவா என்ற பெயரைச் சாவகத் தீவோடு சேர்த்தே சிறு வயதில் எண்ணியிருந்தேன். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். பெரியவர்தான் அதைத் திருத்தினார். அதில் பாதி ஒரு மனிதரின் குடும்பப் பெயர். பிரான்டிஷெக் யானெச்செக் என்ற செக் நாட்டுப் பொறியாளரின் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்தும் (JA), வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்தும் (WA) சேர்ந்தது. 1878இல் பிறந்த யானெச்செக், முதலில் ஆயுதத் தொழிலில் இருந்தவர். முதல் உலகப் போரின்போது கையெறி குண்டு வடிவமைத்தவர். போருக்குப் பிந்தைய அமைதியில் அத்தொழில் சுருங்கியதால் மோட்டார் சைக்கிளின் பக்கம் திரும்பினார். மோட்டார் சைக்கிள் தயாரிப்பைக் கைவிட்ட வாண்டரர் நிறுவனத்திடமிருந்து 500 சிசி வண்டியின் உரிமத்தை வாங்கி 1929இல் தொடங்கினார். அந்த முதல் வண்டி விலை மிகுந்ததாக இருந்தது. 1932இல் வில்லியர்ஸ் எஞ்சின் பொருத்தி வெளிவந்த 175 சிசி வண்டிதான் எளியவர்கள் கைக்கு எட்டியது. 1941இல் அவர் இறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் தொழிற்சாலை அரசுடைமையாயிற்று. குடும்பத்தின் கையைவிட்டுப் போன பிறகும், அந்தக் குடும்பப் பெயரின் இரண்டு எழுத்துகள் பெட்ரோல் டேங்கின் மேல் நிலைத்தன. பெயருக்கு முன்னால் தகப்பனாரின் எழுத்தைச் சுமந்து நடக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து இருக்கிறது; அப்பாவின் வண்டிக்கு முன்னால் யானெச்செக்கின் எழுத்து இருக்கிறது.

செக் மொழியில் அந்த முதல் எழுத்துக்கு ‘ய’ ஒலிதான். ஆகவே அங்கே மனிதர் யானெச்செக், வண்டி யாவா. ஆங்கில வாசிப்பின் வழியாக நம்மிடம் வந்தபோது அது ஜாவா ஆயிற்று. யான் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கி, அதையும் மேலும் செல்லமாக்கினால் யானெச்செக். யான் என்பது யோவான். நம் கத்தோலிக்கர் வழக்கில் அருளப்பர். ஏற்காட்டில் எங்கள் தெருவில் ஓர் அருளப்பன் இருந்தால் அவர் வீட்டுக் கைக்குழந்தையை எப்படி அழைப்போமோ, ஏறத்தாழ அப்படிப்பட்ட பெயர். பெண்களுக்கு அது யானெச்கோவா என்று முடியும். பட்டறையில் காத்திருந்த மாதங்களில் இப்பெயருடையோரைத் தேடிப் படித்தேன். ஓவியர் ஓட்டா யானெச்செக் 1919இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கணிதவியலாளர் கரெல் யானெச்செக், ஒரு வாக்காளருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகளும், விதிக்கேற்ப எதிர்வாக்கும் தரும் தேர்தல் முறை ஒன்றை வகுத்தவர். பாடகி பட்ரீசியா யானெச்கோவா பன்னிரண்டு வயதில், 2010இல், ஸ்லோவாக்கியாவில் நடந்த தொலைக்காட்சிப் போட்டியில் வென்று, ஓபரா பாடகியாக வளர்ந்து, 2023இல் இருபத்தைந்தே வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். அவருடைய குரலை ஒரு மாலை முழுவதும் கேட்டேன். ஒரு வண்டிப் பெயரின் வழியாக அங்கே போய்ச் சேர்வேன் என்று நினைத்ததில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். அப்பா வாங்கிய வண்டி மைசூரில் செய்தது. ஐடியல் ஜாவா நிறுவனம் அங்கே 1961இல் தயாரிப்பைத் தொடங்கி, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் விற்று, 1996இல் மூடப்பட்டது. ஆகவே நிறுவனத்தின் உதிரிப்பாகம் என்று எதுவும் இப்போது கிடையாது. பழைய இருப்பிலிருந்தும் புதிதாகச் செய்து விற்பவர்களிடமிருந்தும்தான் தேட வேண்டும். பெரியவர் எஞ்சினை முழுவதும் பிரித்தார். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்துக் கனெக்டிங் ராடை மாற்றி, டயல் கேஜ் வைத்து நேர்பார்த்துச் சேர்த்தார். சிலிண்டரைப் போரிங் செய்து அடுத்த அளவுப் பிஸ்டனைப் பொருத்தினார். இரண்டு சைலன்சர்களிலும் அடைந்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தபோது ஒரு கைப்பிடிக்கு மேல் வந்தது. கார்க் கிளட்ச் பிளேட்டுகள், கேபிள்கள், வயரிங், டைனமோவின் கார்பன் பிரஷ்கள் எல்லாம் புதியவை. ஆறு வோல்ட் மின் அமைப்பையும், பிளக்கில் பொறி எழும் நேரத்தை முறைப்படுத்தும் பாயிண்டையும் அப்படியே விட்டார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லிப் பலரும் யோசனை கூறினார்கள்; நான் விரும்பினால் மாற்றித் தருவதாகவும், பாயிண்டைச் சரியாக வைத்தால் அதற்குத் தேவை இராது என்றும் அவர் சொன்னார். மாற்றவில்லை, இன்றுவரை மூன்றாவது உதைக்குள் கிளம்புகிறது.

நான் மிகவும் மெச்சியது, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் வேலையை. இவ்வண்டியில் உள்ளது போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் எண்ணெயும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள்தான் இழுக்கப்பட்டு அழுத்தப்படுகிறது. அவ்வறையின் சீல் தேய்ந்தால், ஒரு பக்கம் வெளிக்காற்றை உறிஞ்சிக் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கும். பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற வண்டியில் ரப்பர் இறுகியிருக்கும் என்பதால், கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் இந்த வேலையை முடிக்க வேண்டும் என்பது அவருடைய முறை. முந்தைய இடத்தில் வண்டி மேட்டில் திணறியதற்குக் கார்புரேட்டரை மட்டுமே மூன்று முறை கழற்றி மாட்டினார்கள். உண்மைக் காரணம் சீல்தான். எடுத்தெறியப்பட்ட கிளட்ச் பாகத்துக்கு ஒரு பழைய யெஸ்டி எஞ்சினிலிருந்து மாற்று கிடைத்தது. அதை லேத்தில் கொடுத்துச் சற்றே தேய்த்துப் பொருத்த அவருக்குப் பதினைந்து நாட்கள் ஆயின.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது வாசிப்பவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. ஆறு வாரத்தில் முடியும் என்றது நான்கு மாதம் ஆயிற்று. தொலைபேசியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. நேரில் போய் நின்றால்தான் நிலவரம் தெரியும். எழுத்தில் மதிப்பீடு கிடையாது, ரசீதும் கிடையாது. ஒரு பழைய நோட்டில் அவர் எழுதிவைத்த கணக்கைப் படம் எடுத்துக்கொண்டேன். மொத்தம் நாற்பத்தாறாயிரம் ரூபாய் ஆயிற்று. அதில் எஞ்சின் வேலைக்கும் பாகங்களுக்கும் இருபத்தெட்டாயிரம், மீதி பெயின்டுக்கும் குரோம் பூச்சுக்கும் டயருக்கும். குரோம் வேலையை வெளியே ஓர் இடத்தில் கொடுத்திருந்தார். இரண்டே மாதத்தில் சைலன்சரின் நுனியில் பூச்சு கொப்பளித்தது. மறுபேச்சின்றி எடுத்து மறுபடி பூசச் செய்தார். ஆனால் அதற்கும் ஐந்து வாரம் போயிற்று. தொலைவிலிருந்து வருபவர்கள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொள்ளாமல் போனால் மனம் நோவார்கள்.

வண்டியை எடுத்த அன்று அவர் சொன்ன அறிவுரை, மலையில் டூ ஸ்ட்ரோக் ஓட்டும் எல்லாருக்கும் பயன்படும். “ஏத்தத்துல இது எங்கயும் நிக்காதுங்க. எறக்கத்துலதான் கவனம் வேணும்” என்றார். இவ்வண்டியில் எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே போகிறது. லிட்டருக்கு நாற்பது மில்லி கலக்கச் சொன்னார். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும், கலவையோ மிகக் குறைவாகவே போகும்; எண்ணெய் போதாமல் பிஸ்டன் இறுகும். ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் ஆக்சிலரேட்டரை ஒரு முறை திறந்து மூட வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது எண்பலகைகளைப் பார்த்தபடி ஒவ்வொன்றிலும் அப்படிச் செய்கிறேன். அப்பா இறங்கும்போது இடையிடையே அந்த ஒலி எழுப்புவது எனக்கு நினைவிருக்கிறது. பின்னால் அமர்ந்திருந்த சிறுமிக்கு அது விளையாட்டாகத் தோன்றியது.

ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே பெரும்பாலான வளைவுகளை எடுத்துவிடுகிறது. கியர் மாற்றும்போது இடக்கை கிளட்சைத் தொடாமலே கால் அழுத்தத்தில் மாறுவதால், திடீரென்று எதிரே பேருந்து வந்து நின்றாலும் கை தடுமாறுவதில்லை. மேலே ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், ஏரிக்கரையை எட்டும்போது எஞ்சின் ஒலி சற்றுத் தடித்து, கலவை மிகுந்த அறிகுறியைக் காட்டுகிறது. இதற்காகக் கார்புரேட்டரைத் திருகக் கூடாது என்று பெரியவர் கூறியிருந்தார். சேலத்துக்கு இறங்கியதும் தானே சரியாகிவிடுகிறது. மூன்றாவது பயணத்தில் சேர்வராயன் கோயில்வரை கொண்டுபோனேன். திரும்பி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. அந்த நிறம் சரியான எரிதலைக் காட்டுவது.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் ஜாவா நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குமுன் வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்தோடு ஜூன் மாதத்தில் இங்கே போவது வீண். பொங்கல் கழிந்ததும் கொடுத்துவிடுவது நல்லது. உடைந்தது, தேய்ந்தது என்று எதையும் எறிந்துவிடாமல், பழைய பாகங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். எதிலிருந்து எது கிடைக்கும் என்பது அவருக்கே தெரியும். மாற்றிய பாகங்களையும் அவர் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியின் மேல் வண்டி எண்ணை எழுதித் திருப்பித் தருகிறார். என் டின்னில் அப்பா காலத்துப் பிஸ்டன் இருக்கிறது. அவர் கடைசியாக மாற்றிய அளவு அதன் தலையில் இன்னும் படிக்கத் தெரிகிறது.