சடானா, பெய்ச்சின் மியாங்கா? வயதானவர்களோடு ஆறு ஓடும் குகைக்குப் போக எது தோது

பெரியம்மா மகள் போன வாரம் பர்மாவின் தட்டோன் ஊரிலிருந்து போன் செய்தாள். "அண்ணா, மாமியாருக்குக் குகைக்குள்ள ஓடுற ஆத்தைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. நீங்க பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு சடான், பெய்ச்சின் மியாங் ரெண்டு குகைக்கும் போயிருக்கீங்க. எது நல்லாருக்கும்?" போனில் அரை மணி நேரம் பேசியும் எனக்குத் திருப்தியாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். ரங்கூனிலும் மோல்மேனிலும் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவட்டும்.

மாமியாரோடு போவதாக இருந்தால் பெய்ச்சின் மியாங். பிள்ளைகள் மட்டும் போவதாக இருந்தால் சடான். தட்டோன்காரிக்கு சடான் பக்கத்திலேயே இருக்கிறது, பெய்ச்சின் மியாங் இருக்கும் மலை ஊர் மேமியோவுக்கோ (இப்போது பியின் ஊ லுவின்) பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

சடான் குகை பா-ஆன் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை ஒன்றில் இருக்கிறது. பாலியில் சத்தந்தம் என்று சொல்லும் ஆறு தந்த யானையின் பெயர்தான் பர்மியப் பேச்சில் சடான் ஆகியிருக்கிறது. புத்தர் முற்பிறவியில் அந்த யானையாக இருந்தார் என்பது ஜாதகக் கதை. வாசல் படிக்கட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை யானைகள் நிற்கின்றன. உள்ளே புத்தர் சிலைகள் இருப்பதால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மலையின் இந்தப் பக்கம் நுழைந்து இருட்டுக்குள் நடந்தால் அந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் வெளிச்சத்துக்கு வருகிறோம். அங்கே துடுப்புப் படகுகள் காத்திருக்கும். ஏரியைக் கடந்து, குனிந்தால் மட்டுமே தலை இடிக்காத ஒரு பாறைச் சுரங்கத்துக்குள் படகு புகுந்து, மறுபுறம் வயல் வாய்க்காலில் வெளியே வரும். துடுப்புச் சத்தத்தைத் தவிர எதுவும் காதில் விழாத அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதற்கு இணையாக நான் பர்மாவில் எதையும் பார்த்ததில்லை. இதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் குகைக்குள் நடக்க முடியாது, நவம்பருக்குப் பிறகுதான் போக வேண்டும். நான் போனது ஒரே தடவை, 2018 ஜனவரியில். என் அனுபவம் அந்த ஒரு நாளோடு சரி.

பெய்ச்சின் மியாங் இருப்பது மேமியோவிலிருந்து லாஷியோ போகும் சாலையில், வெட்வுன் பக்கம். காரில் முக்கால் மணி நேரம் ஆனது. பெய்ச்சின் என்றால் திப்பிலி, மியாங் என்றால் ஓடை. நான் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சளி பிடித்தால் திப்பிலி ரசம் வைக்காத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. "திப்பிலி ஓடைன்னு நம்ம பாஷையில பேரு வெச்ச மாதிரியே இருக்கே" என்றார்.

இங்கே ஆறு குகைக்குள்ளிருந்தே புறப்பட்டு வருகிறது. வாசலுக்கு வெளியே சின்ன அருவியாக விழுந்து தேங்கி நிற்கும் இடத்தில் பிள்ளைகள் குதித்துக் குளிக்கிறார்கள். உள்ளே போகப் போக ஓடை நம்மோடு கூடவே வருகிறது. சில இடத்தில் நடைபாதையை ஒட்டி ஓடும், சில இடத்தில் காலுக்குக் கீழே கல்லுக்கடியில் சலசலக்கும். மொத்தம் அரை கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே போகலாம். வழியெங்கும் பாறை இடுக்குகளில் புத்தர் சிலைகளும் சின்னச் சின்ன பகோடாக்களும் வைத்திருக்கிறார்கள். குகை என்றால் ஜில்லென்று இருக்கும் என்று நினைத்துப் போனேன். மேமியோ குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைப் பத்தே நிமிடத்தில் கழற்ற வேண்டியதாகிவிட்டது. ஈரக்காற்று வெளியே போக வழியில்லாமல் புழுங்குகிறது, கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு அடிக்கடி பனி படர்கிறது.

இரண்டு குகையையும் குடைந்தது தண்ணீர்தான். மழைநீர் மண்ணில் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே போகிறது. கரைந்த சுண்ணாம்பு துளித்துளியாகச் சொட்டி மேலே விழுதாகவும் கீழே புற்றாகவும் வளர்கிறது. மேமியோவுக்கு அப்பால் 1901-இல் கட்டி முடித்த கோக்தெய்க் ரயில் பாலத்தின் அடியிலும் ஆறு இப்படித்தான் ஒரு கல் சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. அந்தப் பீடபூமி முழுக்க சுண்ணாம்புக்கல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வயதானவர்களை அழைத்துப் போகும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: நடுவில் முடியாமல் போனால் திரும்ப முடியுமா, உட்கார முடியுமா?

சடானில் இதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி இருந்தது. முதல் மண்டபம் பெரியது, தரையும் ஓரளவு சமம், உற்சாகமாக நடந்தார். அதற்கப்புறம் வெளிச்சம் குறைந்தது. வௌவால் எச்சமும் சேறும் கலந்த தரை வழுக்கியது. வெறுங்காலில் ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைக்க வேண்டும். ஏறவும் இறங்கவுமாகப் படிகள் வந்தன. ஓர் இறக்கத்தில் அம்மா என் தோளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "இதுக்கு மேல கால் வராதுடா." திரும்பிப் பார்த்தால் வந்த வழி முழுக்க இருட்டு, முன்னால் இருக்கும் தூரமும் தெரியவில்லை. தம்பியும் அவன் பிள்ளைகளும் முன்னே போய்விட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது இரண்டு டார்ச் லைட், ஒன்று அவன் கையில். அவர்களைக் கூப்பிட்டுத் திருப்பினால் பிள்ளைகள் ஆசைப்பட்ட படகு போச்சு. நானும் அம்மாவும் மட்டும் திரும்பினால், அவர்கள் படகில் மலையைச் சுற்றி வந்து சேரும்வரை ஒருவருக்கொருவர் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. செல்போனில் சிக்னலும் இல்லை. அந்த ஈரப் படியிலேயே பத்து நிமிடம் அம்மாவை உட்கார வைத்து முழங்காலைப் பிடித்துவிட்டேன். பிறகு அவராகவே எழுந்து, "முன்னாடியே போயிடலாம், அவங்க தேடுவாங்க" என்றார்.

இருபது நிமிடத்தில் கடக்கும் குகை எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. படகும் அம்மாவுக்குச் சுலபமாக இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டியே இருக்கும் ஒல்லிப் படகு, கால் வைத்தாலே ஆடும். "அகோ (அண்ணா), மெதுவா" என்று நான் பாதி பர்மியத்திலும் பாதித் தமிழிலும் கெஞ்ச, படகுக்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, அம்மாவின் இரண்டு முழங்கைகளையும் தாங்கி உட்கார வைத்தார். அவர் கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்தில் அம்மாவின் முந்தானை உரசி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. படகை விட்டு இறங்கிய பிறகும் வாசலுக்கு நடக்க வேண்டும். செருப்பைக் கையோடு எடுத்துப் போயிருந்ததால் தப்பித்தோம். வாசலில் விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம் வெயிலில் கல்லும் முள்ளுமாக நடந்து வந்ததைப் பார்த்தேன். அன்று இரவு அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. படகைப் பற்றி இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் பேசுகிறார், ஆனால் அந்தப் படியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

2019 டிசம்பரில் மேமியோ போனபோது நான் முதலில் தயங்கினேன். வாசலிலேயே, "நீங்க இங்க உக்காந்து டீ குடிங்க, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. உள்ளே போனதும் வித்தியாசம் புரிந்தது. பாதை ஒன்றுதான். போன வழியே திரும்பி வர வேண்டும். சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து கும்பிட இடம் விட்டிருக்கிறார்கள், விளக்கும் எரிகிறது. முதல் வளைவு தாண்டியதும் அம்மா ஒரு சிலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு வழவழவென்று வளர்ந்து நின்ற ஒரு கல்லைப் பார்த்து, "இது லிங்கம்தான்" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் முன்னே போனோம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெரியாத ஒரு பர்மியப் பெண்ணின் கையைப் பிடித்தபடி அம்மா மெல்ல வந்துகொண்டிருக்கிறார். வழியில் இன்னும் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். கடைசிவரை வந்துவிட்டார். தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார்.

"எப்ப வேணும்னாலும் திரும்பிடலாம்னு தெரிஞ்சது, அதான் வந்துட்டேன்" என்றார். சடானில் திரும்ப முடியாது என்ற பயமே பாதிக் காலைக் கட்டிப்போட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெய்ச்சின் மியாங்கில் குறை இல்லாமல் இல்லை. விடுமுறை நாளில் போனால் கூட்டம் நெரிகிறது. சிமெண்ட் பாதையும் பெயிண்ட் அடித்த சிலைகளும், காட்டுக் குகை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். படகு கிடையாது. சில இடத்தில் நன்றாகக் குனிய வேண்டும், இடுப்பு வலி இருப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு இரண்டுமே சரிவராது.

இன்னொன்று, நான் போன காலம் வேறு. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இரண்டு பக்கமும் சாலை நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று திறந்திருக்கும் பாதை நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது. பா-ஆனிலோ மேமியோவிலோ உறவுக்காரர்கள் இருந்தால் கிளம்பும் அன்று காலையில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் மேமியோ இருக்கும் மண்டலே பகுதியை உலுக்கிவிட்டது. அதனால் பெய்ச்சின் மியாங் போகிறவர்கள், உள்ளே எதுவரை விடுகிறார்கள் என்று அங்கேயே பராமரிப்பவர்களிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். தொங்கும் கல் தளர்ந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. மலையில் மழை பெய்து ஓடைத் தண்ணீர் கலங்கி வந்தால் உள்ளே போகவே வேண்டாம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே தண்ணீர் ஏறிவிடும்.

தங்கச்சிக்கு: ஆளுக்கொரு டார்ச், மாமியாருக்கு ஒரு கைத்தடி, கால் துடைக்கப் பழைய துண்டு ஒன்று. மேமியோவில் இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி திட்டம் போடு. வந்த அலுப்போடு மறுநாள் காலையிலேயே குகைக்குக் கூட்டிப்போகாதே, ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். பிள்ளைகளுக்குப் படகு வேண்டுமென்றால், அடுத்த பொங்கல் லீவில் நான் சடான் கூட்டிப்போகிறேன். மாமியார் அன்று உன்னோடு வீட்டில் இருக்கட்டும்.