எத்தனால் அளவிட ஒரு எச்.பி.எல்.சி. பிரிப்புக்குழாய்: மதிப்புரை

உணவிலும் பானங்களிலும் உள்ள ஆல்கஹாலை அளக்க எங்கள் ஆய்வகம் எச்.பி.எல்.சி. கருவியில் (உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்தி, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) பயன்படுத்திவருவது, சல்ஃபோனேற்றம் செய்த பாலிஸ்டைரின் பிசின் அடைத்த, 300 மி.மீ. நீளமும் 7.8 மி.மீ. உள்விட்டமும் கொண்ட பிரிப்புக்குழாய். விலை அதிகம்தான். ஆனால் பீரானாலும் பழச்சாறானாலும், குளுக்கோஸ், கரிம அமிலங்கள், கிளிசரால், எத்தனால் ஆகியவற்றை ஒரே ஓட்டத்தில் பிரித்துக் காட்டுவதால், நொதித்தலின் போக்கைத் தொடர்ந்து கண்காணிப்பவர்களுக்கு அந்த விலை உறுத்தாது.

5 மில்லிமோலார் கந்தக அமிலத்தை நிமிடத்துக்கு 0.6 மி.லி. வீதம், 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செலுத்தினால், சர்க்கரைகளும் பெரும்பாலான அமிலங்களும் வெளியேறிய பிறகே, ஏறத்தாழ 20 நிமிடங்கள் கழித்து எத்தனால் வருகிறது. பதிவாகும் வரைபடத்தில் அதன் முகடு தனித்து நிற்பதே இக்குழாயின் பெரும்பலம். மாதிரிக்கு அரை மணி நேரம் செலவாவது அதற்கான விலை. சூடான அமிலத்தில் சுக்ரோஸ் ஓரளவு சிதைவதால், சர்க்கரை அளவுகளை மட்டும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

என் குறையெல்லாம், குழாயிலிருந்து வெளிவருவதை உணர்ந்து பதிவுசெய்யும் கண்டறிவானிடம்தான். எத்தனால் வழக்கமான புற ஊதா அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சுவதில்லை என்பதால் ஒளிவிலகல் எண் கண்டறிவானை நாட வேண்டியிருக்கிறது. அதுவோ வெப்பநிலை சற்று மாறினாலும் அடிக்கோட்டை (எந்தப் பொருளும் வெளிவராதபோது பதிவாகும் கோட்டை) நகர்த்திவிடுகிறது, நிலைபெற நெடுநேரம் எடுக்கிறது, ஓட்டத்தின் நடுவே கரைப்பானின் கலவையை மாற்றவும் இடம் தருவதில்லை.

கருவியை விட மாதிரி தயாரிப்பில்தான் முடிவுகள் பெரும்பாலும் கெடுகின்றன. பீரிலிருந்து கரியமில வாயுவை நீக்கும்போது எத்தனாலும் சேர்ந்து ஆவியாகாதபடி குளிர்ச்சியாகக் கையாண்டு, இறுக மூடிய குப்பியில் அடைக்க வேண்டும். சோயா சாஸ் போன்றவற்றின் புரதம் அமிலத்தில் திரண்டு குழாயை அடைத்துவிடக்கூடும் என்பதால், அதை முன்பே நீக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அழுக்கைத் தடுத்துப் பிரிப்புக்குழாயைக் காக்கும் காப்புக்குழாய் ஒன்றையும் முன்னால் பொருத்துவது நல்லது. நிறை அளவில் கிடைக்கும் விடையை, 20 டிகிரியில் எத்தனாலின் அடர்த்தியான 0.789 கி/மி.லி. கொண்டு கன அளவு விழுக்காடாக மாற்றிய பின்னரே லேபிளுடன் ஒப்பிட முடியும்.

பல நாடுகள் ஆல்கஹாலற்ற பானங்களுக்கு வைத்துள்ள 0.5 விழுக்காடு வரம்பை இக்குழாய் சிரமமின்றி அளக்கிறது. ரொட்டி போன்ற திட உணவுகளின் கதை வேறு: நீரில் பிரித்தெடுக்கும்போதே எத்தனால் மேலும் நீர்த்துவிடுவதால், அத்தகைய நுண்ணளவுகளுக்கு ஹெட்ஸ்பேஸ் முறையுடன் (மூடிய குப்பியில் மாதிரிக்கு மேலே சேரும் ஆவியை எடுத்து அளப்பது) கூடிய, ஆவிநிலையில் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராபியே பொருந்தும், அந்தத் தேவைக்காக மட்டும் இக்குழாயை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.