சென்னை மாஸ்டர் பிளானின் மக்கள்தொகைக் கணக்கை இன்னும் நம்பலாமா?

சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது விவசாயத்துக்கு என்று நிலவகை பிரிப்பது இதுதான். மனை வாங்குபவரும் நிலவகை மாற்றத்துக்கு மனுப் போடுபவரும் புரட்டும் ஆவணம் இது. ஒரு சர்வே எண் எந்த வகைக்குள் வருகிறது என்று பார்க்க இன்றும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் அந்த நிலவகைகளுக்கு அடியில் இருக்கும் மக்கள்தொகைக் கணிப்பு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

பழைய 176 சதுர கிலோமீட்டர் மாநகர எல்லையை எடுத்துக்கொள்வோம். 2001இல் அங்கே 43.44 லட்சம் பேர். 2011இல் 49.50 லட்சம் ஆகும் என்றது திட்டம். கணக்கெடுப்பில் வந்ததோ 46.47 லட்சம். 6.06 லட்சம் கூடும் என்ற இடத்தில் கூடியது 3.03 லட்சம், சரிபாதி! ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தாலும், வராத அந்த 3 லட்சம் பேருக்காக மட்டும் தினமும் 4 கோடி லிட்டர் தண்ணீர் கணக்கில் ஏறியிருக்கும்.

பிசகு எங்கிருந்து வந்தது? 1991 முதல் 2001 வரை மாநகரம் 13 சதவீதம் வளர்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குத் திட்டம் போட்டது 14 சதவீதம். ஏறக்குறைய பழைய வேகமே தொடரும் என்று எடுத்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது. நடந்தது 7 சதவீதம். தி.நகர், மயிலாப்பூர் போன்ற இடங்களில் வீடுகள் கடையாகவும் அலுவலகமாகவும் மாறின, குடும்பங்கள் சுருங்கின, நில விலை புதுக் குடித்தனங்களைப் புறநகருக்குத் தள்ளியது. மாநகரோடு புறநகரையும் சேர்த்த பெருநகர் முழுவதற்கும் 2011க்குத் திட்டம் சொன்ன 88.71 லட்சம் அவ்வளவாகப் பிசகவில்லை. 2011 கணக்கெடுப்பில் சென்னை நகரத் திரள், அதாவது மாநகரும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும், 86.53 லட்சம் (இரண்டின் எல்லையும் ஒன்றல்ல, ஆனாலும் பக்கத்தில் நிற்கிறது). மொத்தத் தொகை ஓரளவு சரி, ஆட்கள் எங்கே போய்க் குடியேறுவார்கள் என்பதுதான் தவறிப்போனது. நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு எது?

சரிபார்க்க உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது எல்லையில். 2011 அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2026க்குத் திட்டம் சொல்லும் 58.56 லட்சம் பழைய எல்லைக்கான எண். அதை விரிந்த மாநகராட்சியின் எண்ணோடு ஒப்பிட்டால், கணிப்பைத் தாண்டி ஊர் வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். அது பொய்த் தோற்றம்.

அடுத்து, ஆளை எண்ணுவதோடு நிற்காமல் வீட்டையும் எண்ண வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு வீட்டுக்கு 4.5 பேர் என்றால் 22,222 வீடு போதும். 3.5 பேர் என்றால் 28,571 வேண்டும். ஏக்கருக்கு 40 வீடு என்ற கணக்கில் வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட 159 ஏக்கர். மக்கள்தொகை குறைவாக வளர்ந்தும் வீட்டுத் தேவை குறையாமல் இருப்பது இதனால்தான். இன்னொரு பக்கம், 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்எஸ்ஐயை (மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 1.5இலிருந்து 2 ஆக்கின. அதே கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கு தளப்பரப்பு கூடுதலாக ஏறும். இதைக் கழிக்காமல் விவசாய நிலத்தையும் நீர்ப்பிடிப்பையும் குடியிருப்பாக மாற்றக் கேட்பது நியாயமே இல்லை.

2021இல் கணக்கெடுப்பு நடக்காததால் இடைக்காலத்துக்கு மாற்றுத் தடயங்கள் தேவை. மின் இணைப்பு எண்ணிக்கை நல்ல தடயம், ஆனால் ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் இருக்கும், பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டுக்கும் மீட்டர் இருக்கும். ரேஷன் கார்டு பலருக்குச் சொந்த ஊரிலேயே கிடக்கிறது. வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை. சொத்து வரிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றையும் சேர்த்து வைத்து, குறைந்தது மூன்று ஒரே திசையைக் காட்டினால் மட்டும் நம்பலாம்.

மூன்றாம் மாஸ்டர் பிளான் 2027 முதல் 2046 வரைக்கானது. புதிய கணக்கெடுப்பின் குறிப்பு நாள், அதாவது எந்த நாளின் நிலவரமாக மக்களை எண்ணுகிறார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. 2011 எண்ணை வைத்து 2046ஐக் கணித்தால் 35 ஆண்டுத் தாவல். வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது மூன்றை எழுத்தில் கேளுங்கள்: ஒற்றை எண்ணுக்குப் பதில் குறைந்த, நடுத்தர, உயர்ந்த கணிப்புகள், ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்கொண்ட வீட்டு அளவு, கணக்கெடுப்பு முடிவு வந்தபின் எத்தனை மாதத்துக்குள் நிலவகை வரைபடம் திருத்தப்படும் என்ற தேதி.