அமுக்கரா சூரணம்: தூக்கத்துக்கு ஓகே, குடிய நிறுத்த இல்ல

எங்க மாமா குடிய விட்டு கொஞ்ச மாசம் ஆவுது, ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநல ஓபி மாத்திரை போய்ட்டுதான் இருக்கு, ஆனா நைட்டு தூக்கமே வராம ஹால்ல நடந்துனே இருப்பாரு. டாக்டராண்ட கேட்டோம், லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்ட பாத்துட்டு சரின்னாரு, அப்புறம்தான் பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு நாட்டு மருந்து கடைல அமுக்கரா சூரணம் வாங்கினோம். அமுக்கரான்னா அஸ்வகந்தாதான்.

பொடி நல்லா இருக்கு, பூச்சி கீச்சி இல்ல, சுக்கு திப்பிலி ஏலக்காய் வாசம் தூக்கலா வருது. சர்க்கரை சேத்துதான் செய்வாங்க, சுகர் இருக்கறவங்க பாத்துக்கோங்க. பால்ல கலந்து குடிச்சிட்டு இப்ப பரவால்ல தூங்கறாரு, பொடியாலயா நாள் ஆனதாலயான்னு சத்தியமா சொல்லத் தெரில.

ஆனா கடைக்காரர் பேச்சுதான் தாங்கல. "சாப்பாட்டுல தெரியாம கலந்து குடும்மா, குடியே மறந்துடும்"ன்றாரு! 2012-ல 64 பேர வெச்சி நம்ம நாட்டுல பண்ண ஆய்வுல வேர் எக்ஸ்ட்ராக்ட் 300 மில்லிகிராம் தெனம் ரெண்டு வேள 60 நாள் குடுத்து டென்ஷனும், டென்ஷன் ஹார்மோனான கார்டிசாலும் கொறஞ்சிச்சுன்னு வந்துச்சு, ஓகே, ஆனா அவங்கெல்லாம் டென்ஷன் பார்ட்டிங்க, குடிய விட வந்தவங்க இல்ல. குடி, அபின் பழக்கத்துக்கு இது கேக்குதான்னு பாத்ததெல்லாம் பெரும்பாலும் எலிங்க மேலதான். தெனம் குடிச்சவரு திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும், உயிருக்கே ஆபத்து, அங்க பொடி கிடி வேலைக்காவாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

இன்னொண்ணு, இதான் முக்கியம். சூரணம் தீந்துச்சுன்னா அஸ்வகந்தாரிஷ்டம் வாங்கிக்கோன்னாரு. அரிஷ்டம்னா கஷாயம் காய்ச்சி புளிக்க வெக்கறதுபா, அதுலயே ஆல்கஹால் ஊறும், பாட்டில் லேபிள்லயே போட்டிருக்கும். குடிய விட்டவருக்கு அத குடுப்பியா? அதுவும் குடிய விடறதுக்கு குடுக்கற டைசல்ஃபிராம் மாத்திரை போடறவருக்கு குடுத்தா மூஞ்சி செவந்து வாந்தி படபடப்புன்னு ஒரே ரகளை ஆயிடும்.

லிவர் விஷயமும் சும்மா இல்ல, அஸ்வகந்தாவால சிலருக்கு மஞ்சக்காமால வந்திருக்கு, குடிச்சி ஏற்கனவே லிவர் கெட்டவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க, தைராய்டு இருக்கறவங்களும்தான்.

பொடிக்கு 5-க்கு 3, அட்வைஸுக்கு ஒண்ணும் கெடையாது. கார்டு எடுக்க மாட்டாங்க, ஜிபே ஓகே, சாயங்காலம் போனா கூட்டத்துல நிக்கணும்.