திறந்த கேனோவுக்கு எந்தப் பாய்: குடைப் பாயா, லேட்டீனா, லக்கா?

பெங்களூரில் கேனோ, அதாவது ஒடுங்கலான துடுப்புப் படகு, வைத்திருக்கும் நண்பர்கள் பாய் கட்டலாம் என்று முடிவு செய்ததும் முதலில் வாங்குவது அந்த வட்டமான குடைப் பாயைத்தான். நானும் அதைத்தான் வாங்கினேன். விலை குறைவு, மடித்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு, படகில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் அது காற்று போகிற பக்கம் மட்டும்தான் போகும். ஆகஸ்டில் மைசூர் பக்கம் கே.ஆர்.எஸ். அணையின் பின்நீரில் மேற்குக் காற்று முதுகில் தள்ள, துடுப்பு போடாமலே கிழக்கே வெகுதூரம் போய்விட்டேன். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில். முன்பக்கம் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்பக் கரைக்கே ஒதுங்கியது, மதியம் முழுக்கத் துடுப்பு வலித்தேன், உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. ஆற்றில் ஒரே பக்கமாகப் போய், இறங்கும் இடத்தில் வண்டி நிற்கிறது என்றால் சரி, குடைப் பாய் போதும். ஏரிக்கு வேண்டாம்.

எதிர்க்காற்றில் ஏற வேண்டுமென்றால் லேட்டீன் அல்லது லக், இரண்டில் ஒன்று. 16 அடி கேனோவுக்கு 40 முதல் 45 சதுர அடி பாய் தாராளம். லேட்டீன் முக்கோணப் பாய், பாய்மரம் குட்டை, ஏற்றுவது சுலபம்; ஆனால் காற்று கூடும்போது பாயைச் சுருக்குவது பெரும்பாடு, பாயை விரித்துப் பிடிக்கும் நீளக் கழிகள் படகுக்குள் அடங்காமல் காலை இடிக்கும். லக் பாய் நாலு முனை கொண்டது. கழிகள் நீளம் குறைவு, சுருட்டிப் படகுக்குள் படுக்க வைத்துவிட்டுத் துடுப்பு போடலாம், காற்று ஏறினால் கீழ் வரிசைக் கயிறுகளைக் கட்டிப் பாயைக் குறைத்துக்கொள்ளலாம். நம்ம கடற்கரையில் பாயை ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்பார்கள். லக்கில் அதை விட்டால் பாய் அப்படியே படகுக்குள் விழுந்துவிடும், திடீர்க் காற்றில் இந்த ஒன்றுக்காகவே நான் லக் பக்கம். 1865-ல் ஜான் மெக்ரெகர் என்ற பயணி ‘ராப் ராய்’ என்ற தன் கேனோவில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றியதும் லக் பாயோடுதான், அது மேல்மூடி போட்ட படகு என்றாலும்.

ஆனால் எந்தப் பாயாக இருந்தாலும் பக்கப் பலகை இல்லாமல் வேலைக்கு ஆகாது. கேனோவின் அடி வழவழப்பு, பிடிப்பே கிடையாது. பக்கக் காற்று பட்டால் நண்டு மாதிரி ஒதுங்கும். குறுக்குக் கட்டையில் மாட்டி ஒரு பக்கம் தண்ணீருக்குள் தொங்கவிடும் பலகைதான் அந்த ஒதுக்கத்தைத் தடுத்து முன்னோட்டமாக மாற்றுகிறது. ஒரு பக்கம் ஒன்று போதும், இரண்டு பக்கக் காற்றுக்கும் உதவும். நான் 12 மி.மீ. பிளைவுட்டில் அறுத்து, ஓரத்தை இழைத்து, வார்னிஷ் மூன்று கோட் அடித்தேன். அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளினதும், சதா காற்றின் முகத்துக்கே திரும்பிக்கொண்டிருந்த படகு அடங்கிவிட்டது. திருப்புவதற்குப் பின்னால் பிடித்த துடுப்பே போதும், தனிச் சுக்கானுக்குச் செலவழிக்காதீர்கள்.

பக்கவாட்டு மிதவைகள் கட்டுவது குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது, ஆனால் துடுப்பு வீச இடமில்லாமல் போகும்.

எதை வாங்கினாலும் தாமானை, அதாவது பாயின் பின்பக்கக் கீழ்முனையைப் பிடிக்கும் கயிற்றை, எங்கும் கட்டிவைக்காமல் கையிலேயே பிடித்திருங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு, கரையோரமாக ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து, தண்ணீரை இறைத்து ஏறிப் பழகிவிட்டு அப்புறம் நடு நீருக்குப் போங்கள்.