போலார் எச்10 நெஞ்சுப்பட்டை: 8 மாதம் கட்டிப் பார்த்த பிறகு

அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கும் வெறும் வயிற்று இன்சுலின் கூடுதல் என்று பரிசோதனையில் வந்ததும், இதயத்துடிப்பை அளக்கும் இந்தப் பட்டையை வாங்கினேன். மணிக்கட்டுக் கடிகாரம் போல வெளிச்சத்தை வைத்துக் கணிக்காமல், ஈசிஜி மாதிரி இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாகப் பிடிப்பதால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பது மில்லிசெகண்டில் துல்லியமாகத் தெரிகிறது. இன்சுலின் எப்போதும் உயர்ந்தே இருந்தால் உடம்பை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்புகளின் கை ஓங்கி, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு அடங்கிப்போகும், அந்த ஏற்ற இறக்கமும் சுருங்கும். அது இதயத்துக்கு நல்லதல்ல.

ராத்திரி 10 மணிக்குப் பரோட்டா சாப்பிட்ட மறுநாள் காலை எனக்கு அந்த ஏற்ற இறக்கம் 24 மில்லிசெகண்ட். ஏழு மணிக்கே சாப்பிட்டு அரை மணி நேரம் நடந்த வாரங்களில் 35க்கு மேல். தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும் குறையும், அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், வாரச் சராசரியைப் பாருங்கள்.

பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள், காய்ந்திருந்தால் அளவு தாறுமாறாக வரும். அப்புறம் ஒன்று, இன்சுலினை இது அளக்காது, அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி.